மீன்டைமைத் தேடி, குத்தாலத்திலிருந்து

மீன்டைம் என்று ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம். அமெரிக்காவில் இன்டர்பிளே நிறுவனம் 1980-களின் கடைசியில் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காகச் செய்யத் தொடங்கிய ஆர்பிஜி, அதாவது நாமே ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போய் ஆடுவது. காலத்தில் முன்னும் பின்னும் போய்வரும் கதை. வரலாற்றைக் கலைக்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கும், அது செய்த சேதத்தை நாம் சரிசெய்துகொண்டே போக வேண்டும். துணைக்கு வரலாற்று மனிதர்களையே சேர்த்துக்கொள்ளலாம்: ஐன்ஸ்டைன், விமானி அமேலியா ஏர்ஹார்ட், பிரெஞ்சு எழுத்தாளர் சிரானோ டி பெர்ஜராக். கணிசமான வேலை நடந்த பிறகு கைவிட்டுவிட்டார்கள். ஆடிப் பார்க்கும்படியான பிரதி எதுவும் பொதுவில் வரவில்லை.

இதைத்தான் சில வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பகலில் அரிசி ஆலையில் கணக்கு வேலை, ராத்திரியில் இது. கலிபோர்னியாவில் யாரோ பாதியில் விட்ட ஆட்டத்தைக் மாயவரம் பக்கத்துக் குத்தாலத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்குத் தேடுகிறாய் என்று கேட்பவர்களுக்கு, முதலில் வேஸ்ட்லேண்ட் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேஸ்ட்லேண்ட் 1988-இல் வந்தது. அதுவும் இன்டர்பிளே செய்ததுதான், வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். அணு யுத்தத்துக்குப் பிறகான நெவாடா பாலைவனத்தில் டெசர்ட் ரேஞ்சர்ஸ் நான்கு பேர் ஊர் ஊராகப் போவார்கள். நானும் அண்ணனும் அதை ஆடியது மாயவரத்தில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில். அங்கே டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நடுவில் இரண்டு பிசியைக் கொண்டுவந்து வைத்து, வேர்ட்ஸ்டாரும் லோட்டஸும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சாருடைய மருமகன் சிங்கப்பூரில் இருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு பெட்டி நிறைய ஃபிளாப்பி கொண்டுவருவார். எல்லாம் காப்பி அடித்த டிஸ்க்குகள். சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு முடிந்ததும், கரண்ட் இருந்தால், ஆடலாம்.

அந்த ஆட்டத்தில் இரண்டு விஷயங்கள் எங்களைப் பிடித்து உட்கார வைத்தன. ஒன்று, நாம் செய்தது அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். ஓர் ஊரில் யாரையாவது சுட்டால், அடுத்த முறை போனாலும் அவர் செத்தவர்தான். அசலை நகல் எடுத்து வைத்துக்கொண்டு நகலில்தான் ஆட வேண்டும். எங்களிடம் இருந்ததோ பத்துப் பேர் கை மாறிய ஒரே பிரதி. நாங்கள் குவார்ட்ஸ் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே பாதிப் பேர் ஏற்கெனவே இல்லை. எங்களுக்கு முன்னால் எந்தப் பையன் வந்துவிட்டுப் போனான் என்று அண்ணன் இன்ஸ்டிடியூட் முழுக்க விசாரித்தார்.

இன்னொன்று பத்திப் புத்தகம். அந்தக் காலத்து ஆப்பிள் டிஸ்க்கில் ஒரு பக்கத்துக்கு 140 கிலோபைட்தான் கொள்ளும். 35 தடங்கள், தடத்துக்கு 16 துண்டுகள், துண்டுக்கு 256 பைட். இதில் கதையை எங்கே வைப்பது? அதனால் நீளமான வர்ணனைகளையும் உரையாடல்களையும் எண் போட்டுத் தனிப் புத்தகமாக அச்சடித்துப் பெட்டியோடு கொடுத்தார்கள். முக்கியமான இடம் வந்ததும் திரையில் இத்தனையாவது பத்தியைப் படி என்று வரும், அவ்வளவுதான். டிஸ்க்கை மட்டும் நகல் எடுப்பவர்களுக்கு இது ஒரு தடையாகவும் இருந்தது. சிங்கப்பூர் பெட்டியில் புத்தகம் வரவில்லை.

சரி, நாமே எழுதிக்கொள்வோம் என்றார் அண்ணன். லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கி, எண் கேட்ட இடத்திலெல்லாம் எங்களுக்குத் தோன்றியதைத் தமிழில் எழுதினோம். ஆட்டத்தில் விவசாய மையம் என்று ஓரிடம் உண்டு, வயலைப் பாழாக்கும் ராட்சத ஜந்துகளைப் போய் அடிக்க வேண்டும். எலி வெட்டிய சம்பா வயலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்துக்கு அண்ணன் எழுதிய பத்தியில், ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் திறக்கவில்லை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை, அதனால்தான் ஜந்துகள் பசியோடு மேட்டுக்கு ஏறி வந்துவிட்டன என்று இருக்கிறது. நெவாடாவுக்கு மேட்டூர் தண்ணீர் எப்படிப் போகும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதும் அந்தப் பத்தி எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

2013-இல் வேஸ்ட்லேண்டைப் புதுக் கம்ப்யூட்டர்களில் ஓடும்படி மறுபடி வெளியிட்டார்கள். பத்திகளை ஆட்டத்துக்குள்ளேயே சேர்த்திருந்தார்கள். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அசல் பத்திகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அப்போதுதான் அந்தப் புத்தகத்தின் உள்வேலை முழுதாகப் புரிந்தது. அதில் சில பத்திகள் பொய்ப் பத்திகள். ஆட்டம் அவற்றைக் கேட்கவே கேட்காது. முன்கூட்டியே புரட்டிப் பார்ப்பவர்களை ஏமாற்றுவதற்காகச் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிற ஒரு கதையே உள்ளே கலந்து வைத்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். டிஸ்க்குகள் எல்லாம் அழிந்து புத்தகம் மட்டும் மிஞ்சியிருந்தால், வேஸ்ட்லேண்டில் செவ்வாய்ப் பயணம் உண்டு என்று நாம் கட்டுரை எழுதிக்கொண்டிருப்போம்.

இது மனதில் பதிந்த பிறகுதான் மீன்டைம் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

மீன்டைம் வேஸ்ட்லேண்டின் கதைத் தொடர்ச்சி இல்லை. ஆனால் அதே விதிமுறைகள், அதே நிரலின் மேல் கட்டப்பட்டது. இன்டர்பிளே அப்போது தானே வெளியிடும் நிறுவனமாக மாறிக்கொண்டிருந்தது. வேஸ்ட்லேண்ட் என்ற பெயரின் உரிமையோ எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் பங்குக்கு 1990-இல் ஃபவுண்டன் ஆஃப் ட்ரீம்ஸ் என்று ஒன்றைச் செய்து வெளியிட்டது. வேஸ்ட்லேண்டைச் செய்த கைகள் அதில் இல்லை, ஆடிப் பார்த்தால் அது தெரிகிறது. அதே ஆட்களின் அடுத்த ஆட்டமாக வந்திருக்க வேண்டியது மீன்டைம்தான். எனக்கு ஆதங்கம் அங்கேதான்.

ஏன் வரவில்லை என்பதற்குப் பழைய பத்திரிகை விளம்பரங்களே போதும். கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகை 1981-இல் தொடங்கியது. அதன் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். 1988-இலிருந்து வரிசையாகப் புரட்டினேன். கட்டுரைகளைவிட விளம்பரங்களின் அடியில் பொடி எழுத்தில் வரும் வரியைத்தான் கவனித்தேன், எந்தெந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் என்று சொல்லும் வரி. ஆரம்பத்தில் ஆப்பிளும் கமடோர் 64-உம் முன்னால் நிற்கும். போகப் போக ஐபிஎம் பிசி முன்னால் வந்து, ஆப்பிள் பின்னால் தள்ளப்பட்டு, ஒரு கட்டத்தில் காணாமலே போய்விடும். அல்டிமா என்ற ஆர்பிஜி வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால்கூடத் தெரியும். ஐந்தாம் பாகம் 1988-இல் ஆப்பிளில் பிறந்தது. 1990-இல் வந்த ஆறாம் பாகம் பிசிக்காகவே எழுதப்பட்டது. ஆப்பிள் 2-ஐ நம்பி ஆரம்பித்த ஆட்டம் பாதி வளர்ந்து நிற்கும்போது வாங்குபவர்களே இடம் மாறிவிட்டார்கள்.

அப்புறம் மீன்டைமைப் பிசிக்கான டாஸில் ஓடும்படி மாற்றி எழுதவும் ஒரு முயற்சி நடந்தது. 1992-இல் அல்டிமாவின் ஏழாம் பாகம் வந்தது. திரை முழுக்கப் படமாக விரிந்து, கூரைக்குக் கீழே நாற்காலி, ரொட்டி, விளக்கு எல்லாம் கையில் எடுக்கும்படி இருந்த ஆட்டம் அது. அதைப் பார்த்த பிறகு பழைய நிரலில் கட்டிய மீன்டைமை வெளியிட இன்டர்பிளேவுக்கு மனம் வரவில்லை. வியாபாரமாகப் பார்த்தால் அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் பார்க்க அழகாக இல்லை என்பதற்காக எழுதி முடித்த ஊர்களும் சண்டைகளும் பேச்சுகளும் பெட்டியில் போடப்பட்டதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்படிப் போன ஆட்டங்கள் இன்னும் உண்டு. அல்டிமாவின் எட்டாம் பாகத்துக்குத் துணைப்பாகமாக லாஸ்ட் வேல் என்று ஒன்று தயாரானது. அதன் அட்டைப் பெட்டி சேகரிப்பாளர்கள் கையில் கிடைத்தது, உள்ளே இருக்க வேண்டிய ஆட்டம் கிடைக்கவில்லை. அதற்கும் முன்னால், 1975 வாக்கில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கம்ப்யூட்டரில் மாணவர்கள் எழுதிய ஆர்பிஜிகள். பெடிட்5 என்று ஒன்று. பாடம் வைப்பதற்காக ஒதுக்கிய இடத்தில் ஆட்டம் இருந்ததால் நிர்வாகம் அழித்துவிட்டது. ஆனாலும் பிழைத்து, பழைய பிளேட்டோவை மறுபடி ஓட வைத்திருக்கும் ஆர்வலர்களின் புண்ணியத்தில் இன்றைக்கும் ஆட முடிகிறது. எம்199எச் என்ற இன்னொன்று அழிக்கப்பட்டது, அழிந்ததுதான். பெயரைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

எங்கள் ஊரிலிருந்து திருவாவடுதுறை பக்கம்தான். அந்த மடத்துப் புத்தகசாலையில், தான் மாணவராக இருந்த காலத்தில், வளையாபதி ஏட்டுச்சுவடியைப் பார்த்ததாக உ.வே.சா. சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பழைய நூல்களில் அவருக்கு நாட்டம் வந்திருக்கவில்லை. பிற்பாடு ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்தபோது அந்த ஏடு எங்கேயும் அகப்படவில்லை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் பெயர் மட்டும் மனப்பாடம் செய்தோமே, அதில் இன்று நமக்கு இருப்பது 72 பாடல்கள். அவற்றில் பெரும்பாலானவை புறத்திரட்டு என்ற தொகுப்பிலிருந்து கிடைத்தவை. அந்தத் தொகுப்பைச் செய்தவருக்கு வேண்டியது அறக்கருத்துள்ள பாட்டுகள். அதனால் நம்மிடம் உள்ள வளையாபதி நிலையாமை பேசுகிறது, கற்பு பேசுகிறது, புலால் உண்ணாமை பேசுகிறது. கதை என்ன, யார் யாரிடம் என்ன பேசினார்கள், தெரியாது. எடுத்து வைத்தவர் எதற்காக எடுத்து வைத்தாரோ அதுதான் மிஞ்சியிருக்கிறது.

மீன்டைம் பற்றிய பேட்டிகளையும் நினைவுக் குறிப்புகளையும் படிக்கும்போது எனக்கு இதே எண்ணம்தான் வருகிறது. எங்கே பார்த்தாலும் ஐன்ஸ்டைன், ஏர்ஹார்ட், சிரானோ. ஏனென்றால் அது சொல்லச் சுவையான செய்தி. பேட்டி எடுப்பவரும் அதைத்தான் கேட்பார், வாசகரும் அதைத்தான் நினைவில் வைப்பார். ஆனால் வேஸ்ட்லேண்டை வேஸ்ட்லேண்டாக ஆக்கியது அதன் நான்கு ரேஞ்சர்களின் பெயர் இல்லையே. பூட்டை உடைப்பதா, ஏறிக் குதிப்பதா, பேசிப் பார்ப்பதா என்று ஒவ்வொரு கதவிலும் கொடுத்த இடம் அது. மீன்டைமில் கதவுகள் எப்படி இருந்தன என்பதை யாரும் பத்திரப்படுத்தவில்லை. காலத்தில் பின்னால் போய் ஒருவரைக் கொன்றால், அந்தப் பழைய டிஸ்க்கைப் போல அவர் எல்லாக் காலத்திலும் செத்தவராக இருப்பாரா? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

ஒரு டிஸ்க் என்றைக்காவது கிடைத்தால் அடையாளம் காண்பது எப்படி என்று ஆயத்தம் செய்து வைத்திருக்கிறேன். ஐன்ஸ்டைன் என்ற பெயரை நேரடியாகத் தேடினால் கிடைக்காது. வேஸ்ட்லேண்டில் எழுத்துகளை 5 பிட்டுக்குள் சுருக்கி அடைத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் குப்பை மாதிரி தெரியும். ஆனால் டாஸ் பதிப்பின் வரைபடக் கோப்புகளில் ஒவ்வொரு பகுதியும் எம்.எஸ்.கியூ. என்ற மூன்று எழுத்தோடு தொடங்குகிறது. அதே நிரலின் மேல் எழுதியது என்பதால் மீன்டைமின் டாஸ் முயற்சியிலும் அந்த முத்திரை இருக்க வாய்ப்பு உண்டு. பெயரே இல்லாத பழைய டிஸ்க் நகல்களில் அந்த மூன்று எழுத்தைத் தேடச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். இதுவரை அகப்பட்டதெல்லாம் வேஸ்ட்லேண்டேதான்.

அதே நிரலை நம்மூர் டிஸ்க்குகளிலும் ஓட்டுகிறேன். சிங்கப்பூரிலிருந்து அப்போது டெல்டாவுக்கு வந்த ஃபிளாப்பிகள் கொஞ்சநஞ்சம் இல்லை. மன்னார்குடியிலும் நாகூரிலும் கும்பகோணத்திலும் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருந்தார்கள். வெளிவராத ஆட்டங்களின் சோதனைப் பிரதிகள் கள்ளச் சந்தைக்குள் நழுவுவது அந்தக் காலத்தில் நடந்ததுதான். அதனால் மூடிப்போன கம்ப்யூட்டர் சென்டர்கள், பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்கள், ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டுப் பரண் என்று கேட்டுக் கேட்டு வாங்கி வருகிறேன். வேதாரண்யம் பக்கம் ஒரு வீட்டில் மூன்று பெட்டி இருந்ததாம். 2018-இல் கஜா புயலில் ஓடு பறந்து, பெட்டியோடு ஊறி, அள்ளிக் கொட்டிவிட்டார்கள்.

கிடைப்பதிலும் பாதி பூஞ்சை பிடித்திருக்கும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தை எத்தனை வருடம் தாங்கும்? உறையின் ஜன்னல் வழியே பார்த்தாலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரியும். அப்படியே டிரைவில் போட்டால் டிஸ்க்கும் போகும், படிக்கும் தலையும் கீறும். உறையின் ஓரத்தை வெட்டி, உள்ளே இருக்கும் வட்டை உருவி, ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, நிழலில் காயவைத்து, வேறு நல்ல உறையில் போட்டுத்தான் படிக்க வேண்டும். படிப்பது கிரீஸ்வீசில் என்ற சின்னப் பலகை. அது கோப்புகளைப் படிப்பதில்லை, வட்டின் மேல் காந்தம் மாறும் இடங்களையே அப்படியே பதிந்துகொள்கிறது. ஆப்பிள் டிஸ்க்காக இருந்தாலும் பிசி டிஸ்க்காக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். எது முக்கியம், எது வேண்டாம் என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அழிக்கப்பட்டது என்று டிஸ்க்கே சொல்லும் கோப்புகளும் சேர்ந்து வந்துவிடும். டாஸில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயரின் முதல் எழுத்து மாற்றப்பட்டு, அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதப்படும் வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும்.

அப்படிக் கிடந்த ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆடுதுறையில் ஒருவர் கொடுத்த 360 கிலோபைட் டிஸ்க். மேலே ஒட்டிய லேபிளில் சீட்டுக் கணக்கு என்று பேனாவில் எழுதியிருந்தது. உள்ளேயும் சீட்டுக் கணக்குதான். அழிந்த கோப்புகளின் வரிசையில் ஜிடபிள்யூ-பேசிக் மொழியில் எழுதிய ஒரு நிரல். பெயரின் முதல் எழுத்து போய்விட்டதால் காடா நாடா என்று தெரியவில்லை. திறந்தால் ஓர் ஆர்பிஜி. சொல்லெல்லாம் தமிழ், எழுத்து ஆங்கிலம். ஆத்தங்கரையில் தொடங்குகிறது. வடக்கே போனால் படுகை, அங்கிருந்து மூங்கில் தோப்பு, அதைத் தாண்டினால் அணைக்கரை. உயிர் 20, அரிசி 20. ஒவ்வொரு இடம் நகரும்போதும் அரிசியில் ஒன்று குறையும். படுகையில் பாம்பு, தோப்பில் திருடன், அணைக்கரையில் கொள்ளிடத்து முதலை. முதலைக்கு உயிர் 30. பகடை உருட்டுவதற்குச் தற்செயலாக ஓர் எண் தரும் கட்டளையைச் சரியாகப் போட்டிருக்கிறார். திருடனிடம் சண்டை போடலாம், அல்லது அரிசி 5 கொடுத்துவிட்டுப் போகலாம். கொடுத்தால் ஒரு மாறியில் 1 என்று குறித்து வைக்கிறது. அந்த மாறி பிறகு அணைக்கரையில் மறுபடி வருகிறது. திருடனுக்குச் சோறு போட்டிருந்தால் முதலையோடு சண்டை நடக்கும்போது அவன் வந்து சேர்ந்துகொள்கிறான்.

இதைப் படித்தவுடன் அண்ணனுக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஏம்மா, நம்ம பத்தி நோட்டு இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே."

"அதையும் ஸ்கேன் பண்ணி இதோட வையி. இதுவும் அதே பெஞ்சுல உக்காந்து எழுதுனதா இருக்கும்."

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டிஸ்க் கொடுத்தவர் அதைக் காலி டிஸ்க் என்று யாரிடமோ வாங்கியது. யாரிடம் என்று அவருக்கு நினைவில்லை. நிரலின் முதல் வரியில் எழுதியவர் பெயர் இல்லை. பதிப்பு 2 என்று மட்டும் இருக்கிறது. அப்படியானால் முதல் பதிப்பு ஒன்று எங்கோ இருந்திருக்கிறது. அதே டிஸ்க்கில் உள்ள சீட்டுக் கணக்கில் 1994 தேதிகள் இருப்பதால், ஆட்டம் அதற்கு முந்தியது.

1990-களின் தொடக்கத்தில் மாயவரம், குத்தாலம், ஆடுதுறை, கும்பகோணம் பக்கம் எங்கேயாவது கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதைப் படித்தால், உங்களோடு படித்தவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். முதலையும் திருடனும் வரும் ஆட்டத்தை யார் எழுதினார் என்று யாருக்காவது தெரிந்திருக்கும். பழைய ஃபிளாப்பிகள் இருந்தால் எந்த நிலையில் இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன், படித்து நகலும் கொடுக்கிறேன். அரிசி தீர்ந்தால் 900-ஆம் வரிக்குப் போ என்று நிரலில் நான்கு இடத்தில் இருக்கிறது. 860-க்குப் பிறகு எல்லாம் சீட்டுக்காரர்களின் பெயர்ப் பட்டியல். எழுதியவர் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது, அந்த 900-ஆம் வரியில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று.